மூன்றாம் பிரதிவாதி

என் மாமியார் சைதுன் பீவியும் நானும் ஒரே பஸ்ஸில்தான் தேவகோட்டை கோர்ட்டுக்குப் போவோம். நான் வாதி, அவர் பிரதிவாதி. டிக்கெட் நான் எடுப்பேன். சோறு அவர் கட்டி எடுத்து வருவார். கோர்ட் வாசலில் இறங்கியதும் நான் என் வக்கீலைத் தேடிப் போவேன், அவர் இன்ஸ்பெக்டரின் வக்கீலைத் தேடிப் போவார். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து ஒரே தூக்குவாளியிலிருந்து சாப்பிடுவோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வழக்கு ஒன்றே ஒன்றுதான். என் கணவர் சபியுல்லா செத்துவிட்டார் என்றேன் நான். தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்றார் அவர்.

அறுபத்தெட்டாம் வருஷம், பங்குனி வெயிலில் போலீஸ்காரர்கள் என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள பெரிய வீடுகளில் பழைய சாமான் வாங்கி விற்பது அவர் தொழில். பித்தளை, பீங்கான், உடைந்த நாற்காலி, கழற்றிப் போட்ட கதவு, எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டில் ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு காணாமல் போனது. அதே வாரம் அந்த வீட்டில் இவர் இரண்டு ஊறுகாய் ஜாடி வாங்கியிருந்தார். பழைய சாமான்காரன், அதிலும் அன்று வீட்டுக்குள் போய் வந்தவன். போதாதா அவர்களுக்கு?

விளக்கு எங்கேயும் போகவில்லை. அந்த வீடுகளில் பங்காளி ஒவ்வொருவருக்கும் தனி அறை உண்டு. பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கோ பினாங்குக்கோ போய்விடுவார்கள். மூத்த பங்கு ஆச்சி விளக்கைத் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அடுத்த தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்து அறையைத் திறந்தார். விளக்கு இரண்டும் துணி சுற்றியபடி உட்கார்ந்திருந்தன. பங்காளியின் பூட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பது அங்கே பெரிய அவமரியாதை. "உங்க அறையைத் திறந்து பாக்கணும்" என்று ஆச்சிக்குச் சொல்லி அனுப்புவதைவிடப் போலீசுக்குப் போவது அவர்களுக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது. அவர்கள் கௌரவத்துக்கு என் வீட்டு ஆள் போனார்.

எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த இன்ஸ்பெக்டரின் பெயரையும் என் வாயால் சொல்லமாட்டேன். சொந்தக் கட்டடம் இல்லாமல், ஆள் இல்லாத ஒரு செட்டியார் வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்த ஸ்டேஷன் அது. முன்கட்டில் போலீஸ்காரர்கள் இருப்பார்கள். பின்கட்டுக்குப் போகும் பெரிய கதவு எப்போதும் சாத்தியிருக்கும். முதல் நாள் சோறு கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டார்கள். மறுநாளும் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த நாள், "இனி சோறு வேணாம், உம்புருசன் ஓடிப்போயிட்டான்" என்றார்கள்.

மானகிரிப் பக்கம் சாமானைப் பதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னாராம். இடத்தைக் காட்டக் கூட்டிப்போனபோது கண்மாய்க் கரையில் ஒரு போலீஸ்காரரைத் தள்ளிவிட்டு ஓடினாராம். என் கணவருக்கு இரண்டு காலிலும் ஆணி. வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் நடக்கமாட்டார். அந்தச் செருப்பு ஸ்டேஷன் வாசற்படிக்குக் கீழே கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்த ஒரு போலீஸ்காரர் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆர்.டி.ஓ.வுக்கு மனுக் கொடுத்தேன். அவர் வந்தார், விசாரித்தார், நல்ல மனிதராகத்தான் பேசினார். "பிணம் இருந்தா விசாரிக்கலாம்மா. ஓடிப்போன ஆளுக்கு நான் என்ன விசாரணை பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குள் போலீஸ் என் கணவர் மேல் தப்பியோடியதாக ஒரு கேஸ் போட்டுவிட்டது. எங்கள் தெருமுனையில் தமுக்கு அடித்து, சபியுல்லா என்பவர் உடனே கோர்ட்டில் ஆஜராக வேண்டும் என்று படித்தார்கள். வாரம் ஒரு முறை வந்து வீட்டைச் சோதனை போட்டார்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். தாங்களே கொன்ற ஆளைத் தாங்களே தேடும் கூத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வக்கீல் காளிதாஸ் அப்போது சின்ன வயசுக்காரர். வேறு யாரும் போலீஸ் மேல் கேஸ் எடுக்க வரவில்லை, அவர் வந்தார். "போலீஸ்காரன் உத்தியோகத்துல செஞ்சதுக்கு மூணு மாசத்துக்குள்ள தாவா போட்டாகணும். ஒருநாள் தாண்டினாலும் வாசல்லயே தள்ளிருவான்" என்றார். "ஆனா ஒண்ணு. செத்துட்டாருன்னு நீங்க சொல்லணும். காணாமப் போனவனைச் செத்தவன்னு சட்டம் ஏத்துக்க ஏழு வருஷம் ஆகும். அதுவரை நாமதான் நிரூபிக்கணும். உங்க மாமியாரும் வாரிசு, அவங்களும் கையெழுத்துப் போடணும்."

மாமியார் போடவில்லை. நான் கேட்பதற்கு முந்தின நாளே இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, உங்க மகன் பயந்துபோய் எங்கயோ ஒளிஞ்சிருக்கான். வந்தான்னா கேஸை முடிச்சுவிடுறது என் பொறுப்பு. ஆனா செத்துட்டான்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டா, அவன் எந்த மூஞ்சியோட திரும்பி வருவான்?" என்றானாம். பெற்ற வயிற்றில் எங்கே கைவைக்க வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சேர மறுக்கும் வாரிசைப் பிரதிவாதியாகச் சேர்ப்பதுதான் முறையாம். அப்படியாக முதல் பிரதிவாதி இன்ஸ்பெக்டர், இரண்டாவது சர்க்கார், மூன்றாவது என் மாமியார் என்று வழக்குப் பதிவானது. மூன்றாம் பிரதிவாதிக்குச் சம்மன் வந்த அன்று இரவுச் சோற்றை நான்தான் அவருக்குப் போட்டேன். 

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்களில் புருஷன் மவுத்தானால் பெண்சாதி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டுக்குள் ஒதுங்கி, நகை நட்டு இல்லாமல், அன்னிய ஆண் முகம் பார்க்காமல் இருந்து, அவருக்காக அழுது முடிக்கிற காலம் அது. நான் இருக்க ஆசைப்பட்டேன். பள்ளிவாசல் அஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். "மவுத்துன்னு உறுதியான சேதி இல்லாம இத்தா கெடையாதும்மா. நம்பகமான ஒரு ஆளு கண்ணால பாத்துச் சொல்லணும்" என்று பதில் வந்தது. மாமியார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ வெள்ளச் சீலையக் கட்டுன அன்னைக்கு எம்மகனை நீ கொன்னதா அர்த்தம்" என்றார்.

"நான் கட்டாட்டி அவுக உசுரோட வந்துருவாகளா மாமி?"

"வருவான்."

இதையே பின்னால் கோர்ட்டில் இன்ஸ்பெக்டர் வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார். புருஷன் செத்தது உண்மையானால் நீ ஏன் இத்தா இருக்கவில்லை, கலர்ச் சேலை கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறாயே என்றார். பிணத்தைக் கொடுங்கள், இருக்கிறேன் என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள்.

இதற்கிடையில் ஊரில் என் கணவரைப் பார்த்தவர்கள் பெருகினார்கள். முதலில் வந்த சேதிகளை நான் மதிக்கவில்லை. கீழச்சிவல்பட்டிச் சந்தையில் பார்த்தேன், கட்டம்போட்ட கைலியும் பச்சை பெல்ட்டுமாக நின்றார், நலம் விசாரித்தார் என்று ஒருவர் வந்து சொன்னார். அவர் சொன்ன கைலி, போலீஸ் எழுதி வைத்திருந்த அடையாளத்தில் உள்ளதுதான். காசு கொடுத்து அனுப்பிய ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

பிறகு வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். மானகிரியில் டீக்கடை வைத்திருந்த ஆசைத்தம்பிக்குப் போலீஸ் என்றாலே ஆகாது. அவர் நடந்தே வந்து, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வாசலில் நின்றார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரை நேத்துப் பொழுதுசாய பாத்தேன். சொல்லலாமா வேணாமான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலை. ரோட்டோரமா இங்குட்டுப் பாத்துப் போய்க்கிட்டிருந்தாரு. கூப்பிட்டேன், திரும்பலை. ஏக்கா, அவருக்கு இம்புட்டு நரை எப்ப விழுந்துச்சு? தலையெல்லாம் வெள்ளையா இருக்கு."

அவருக்கு முப்பத்தைந்து வயது. ஒரு நரை கிடையாது.

சில மாதம் கழித்துக் காய் விற்கும் ராக்காயி பார்த்தாள். ஊருக்கு வெளியே ஊருணிக் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மாவு மில்லில் வேலை பார்த்தவர் போல உடம்பெல்லாம் வெள்ளையாம். ஊருணியில் தண்ணீர் நிறைய இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றாள். அதற்குப் பிறகு எங்கள் தெரு திரும்பும் இடத்தில் ஒரு பிள்ளை பார்த்ததாகச் சொன்னது. மானகிரி, ஊருணி, தெருமுனை. அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லுவானேன், என் கணவர் வீடு வந்து சேர்ந்துவிடுவாரோ என்று நான் நடுங்கினேன். அவர் மேல் எனக்கு அத்தனை ஆசை. இருந்தும், பொழுது சாய்ந்து மஃரிபு தொழும் நேரத்தில் தெருக்கதவு காற்றில் அசைந்தால் அடுப்படியைவிட்டு நகரமாட்டேன். வந்து நிற்பது யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமியாருக்கு அது தெரியாது, அதனால் அவருக்குப் பயமில்லை.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் பாங்கு சொல்லி முடிந்ததும் மாமியார் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு தெருக்கதவுக்குப் போனார். கதவைத் திறந்து நின்றுகொண்டு பேசினார். நான் அடுப்படியில் இருந்தேன். ஒன்று சொல்வார், நிறுத்துவார், பிறகு அதற்குப் பதில் போல இன்னொன்று சொல்வார். தனக்குத்தானே பேசுகிற கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அடுத்தவர் பேச இவ்வளவு இடம் விடமாட்டார்கள். எதிரில் வரும் சொற்களின் நீளத்துக்கு ஏற்றபடி அவர் காத்திருந்தார். இடையில் ஒரு தடவை சிரித்தார்.

மறுநாளும் போனார். தினமும் போனார். நான் என்ன என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாதியும் பிரதிவாதியும் வழக்கைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று நாங்களே ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். அதை மீற எனக்குத் தைரியம் இல்லை. காலையில் பார்த்தால் செம்பில் தண்ணீர் வைத்தபடியே இருக்கும்.

அப்படி ஒரு மாதம் போனது. அன்றும் மாமியார் தெருக்கதவில் நின்றிருந்தார். கொல்லைக் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். திறந்தால் கோட்டைச்சாமி. அந்த ஸ்டேஷன் போலீஸ்காரர், செருப்பைக் காலால் தள்ளிய அதே ஆள். யூனிஃபார்ம் இல்லாமல் வேட்டியில் வந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"பாயம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிறாதீக."

"சோதனை போடத்தான் வாரீகன்னா முன் வாசலா வாங்க."

"அதுக்கு வரலை." அவர் என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் பார்த்தார். "அவரு இங்குட்டு வந்துட்டாரா?"

"யாரு?"

"பாய்தான்."

"ஓடிப்போன ஆளு எங்க இருக்காகன்னு உங்க இன்ஸ்பெக்டரக் கேளுங்க."

"அப்பிடிப் பேசாதீகம்மா. ஸ்டேசன்ல பின்கட்டுக் கதவைப் பூட்டி ஒண்ணரை வருசத்துக்கு மேலாச்சு. அங்குட்டு ஒரு ஈ காக்கா போறதில்லை. பொழுது சாயுற நேரம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து தண்ணி தண்ணின்னு ஒரு சத்தம். எனக்கு மட்டுமில்லை, பாராவுல நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு. இப்ப ஒரு மாசமா அந்தச் சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்துட்டாரோன்னுதான்..." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க முறைப்படி ஏதாச்சும் ஓதி அனுப்பி வச்சிருங்கம்மா. செலவு நான் குடுத்துர்றேன். என் வீட்டுக்கு வந்துருவாரோன்னு பயமா இருக்கு."

 தெருக்கதவுப் பக்கம் மாமியாரின் குரல் கேட்டது. அவர் அங்கே எதையோ சொல்லிவிட்டு நிறுத்தினார். கோட்டைச்சாமிக்கும் அது கேட்டது. யார் பேசுவது என்று அவர் கேட்கவில்லை.

"மவுத்தானவுகளுக்குத்தான் நாங்க ஓதுவோம்" என்றேன். "அவுக மவுத்தாயிட்டாகன்னு கோர்ட்டுல வந்து சொல்லுங்க. அன்னைக்கே ஓதுறேன்."

"எனக்கு மூணும் பொட்டப்புள்ளைகம்மா. வேலை போயிரும்."

"அப்ப கேட்டுக்கிட்டே கெடங்க."

அவர் போய்விட்டார். இதற்காக நான் வெட்கப்படவில்லை. என் கணவருக்காக யாஸீன் ஓத என் நாக்கு துடித்தது. ஓதினால் அவர் அடங்கிவிடுவார், கோட்டைச்சாமி நிம்மதியாகத் தூங்குவார். அந்தத் தூக்கத்தை நான் கொடுக்கமாட்டேன் என்று முடிவெடுத்தேன். என் பக்கத்துக்கு வேறு சாட்சி இல்லை.

கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு முதல் தடவையாகத் தெருக்கதவுப் பக்கம் போனேன். பாதி வழியிலேயே நின்றுவிட்டேன். மாமியார் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். திறந்த கதவுக்கு வெளியே அந்திக் கருக்கலில் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் செம்பை நீட்டினார். "இந்தா, வாங்கிக்க" என்றார். கனம் இறங்கியது போல அவர் கை லேசாக மேலே எழுந்தது. விரல்களை எடுத்துவிட்டார்.

செம்பு விழும் சத்தம் வரும் என்று நான் காத்திருந்தேன். உடனே வரவில்லை. நான் மூச்சை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்த பிறகு படியில் செம்பு வைக்கப்படும் மெல்லிய சத்தம் கேட்டது. மாமியார் குனிந்து அதை எடுத்துக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், நான் எதிர்க்கட்சி என்பது நினைவுக்கு வந்தது போல மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காளிதாஸிடம் கோட்டைச்சாமி வந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "கூண்டுல ஏத்தினா இல்லைன்னு சொல்லிருவான்மா. அப்புறம் அதுதான் ரெக்கார்டு" என்றார். "நம்ம கையில இருக்கிறது ஒரு ஜோடி செருப்பைப் பாத்தேங்கிற உங்க வார்த்தை மட்டும்தான். அந்தப் பக்கம் உங்க மாமியாரைச் சாட்சியாப் போட்டிருக்காங்க. பெத்த தாய் வந்து உயிரோட இருக்கான்னு சொன்னா, கேஸ் அங்கயே முடிஞ்சிடும்."

எழுபதாம் வருஷம் ஆடி மாதம் அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். அன்றும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். ஜன்னல் ஓரம் அவரை உட்கார வைத்தேன். இறங்கும்போது என் கையைப் பிடித்து இறங்கினார். இன்ஸ்பெக்டர் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கோட்டைச்சாமி அவனுடைய ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, பின்னால் கதவோரம் நின்றார்.

"உங்க மகன் சபியுல்லா உயிரோட இருக்காரா?" என்று இன்ஸ்பெக்டரின் வக்கீல் கேட்டார்.

"அல்லா காவல்ல இருக்கான்."

"எப்படித் தெரியும்?"

"வீட்டுக்கு வந்து போறானே."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"எம்புள்ளைய நான் பாக்காம யாரு பாப்பா? தெனமும் பாக்குறேன்."

வக்கீல் நீதிபதியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டான்.  காளிதாஸ் எழுந்தார். என்ன கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை என்பது அவர் எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"கடைசியா எப்பம்மா வந்தாரு?"

"நேத்து மஃரிபுக்கு."

"வீட்டுக்குள்ள வந்து உட்காந்தாரா?"

"வரமாட்டான். படிக்கு வெளியவே நிப்பான். உள்ள வாடான்னா, வேணாம்மா, வீடெல்லாம் அழுக்காயிரும்ங்குறான்."

"ஏன் அழுக்காகணும்?"

"மேலெல்லாம் சுண்ணாம்பு. தலை, புருவம், கண்ணு இமைகூட வெள்ளையா இருக்கு. எங்கயோ சுண்ணாம்புக் காளவாயில வேலை பாக்குறான் போலருக்கு. ஒளிஞ்சு திரியிறவனுக்கு வேற என்ன வேலை குடுப்பாக?"

இன்ஸ்பெக்டரின் வக்கீல் அதைச் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். அவர் மட்டும்தான் குறித்தார். இன்ஸ்பெக்டர் மேலே போட்டிருந்த காலை இறக்கினான்.

காளிதாஸின் குரல் தணிந்தது. "உங்ககிட்ட என்ன கேப்பாரு?"

"தண்ணி. வேற ஒண்ணும் கேக்கமாட்டான். சோறு திங்கிறியாடான்னா தலையாட்டிருவான். தண்ணி மட்டும் கேப்பான்."

"குடுப்பீங்களா?"

"குடுக்காம? தெனமும் செம்பு நெறையக் குடுக்குறேன். கையில வாங்குவான். வாய்க்கிட்ட கொண்டுபோவான். குடிக்கமாட்டான், அப்பிடியே படியில வச்சிருவான்." அவர் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேத்தும் அதேதான். குடிடா தம்பின்னேன். வேணாம்மா, வாய்க்குள்ள பூராம் சுண்ணாம்பு, தண்ணி பட்டாக் கொதிக்கும்னான்."

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் எப்படிப் பொங்கிக் கொதிக்கும் என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஊரில் உள்ள அத்தனை வீடும் அப்படி நீற்றிய சுண்ணாம்பில் எழும்பியதுதான். நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். 

பின்னால் ஏதோ விழுந்தது. ஃபைல் கட்டு. கோட்டைச்சாமி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார்.

"மூச்சு இருந்துச்சுய்யா. குழியில போடயில மூச்சு இருந்துச்சு. தண்ணின்னாரு. நான் சொன்னேன்யா, இன்ஸ்பெக்டரய்யாகிட்டச் சொன்னேன், உசுரு இருக்குய்யான்னு. கேக்கலைய்யா. சுண்ணாம்பக் கொட்டித் தண்ணியத் தெளிக்கச் சொன்னாரு. நான்தான்யா தெளிச்சேன்."

"டேய், வாயை மூடுடா!" என்று இன்ஸ்பெக்டர் எழுந்து கத்தினான். நீதிபதி அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. டவாலி கதவைச் சாத்தினார். கோர்ட்டே எழுந்து நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. கூண்டில் நின்ற என் மாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அழுகிற அந்த ஆளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை என்னால் பார்க்க முடிந்தது. தினமும் வாசலுக்கு வந்தது யார், படியேறி உள்ளே வராதது ஏன், எல்லாமே. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஓடிப்போய் அவர் காதைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

"தம்பி" என்று கோட்டைச்சாமியைக் கூப்பிட்டார். சத்தமே உயரவில்லை. "எங்கப்பா வச்சிருக்கீக எம்புள்ளைய?"

"ஸ்டேசன்லதான் ஆத்தா. பின்கட்டுல, சுண்ணாம்பு நீத்துன பழைய குழியில."

ஆர்.டி.ஓ. முன்னிலையில் தோண்டினார்கள். பின்கட்டுப் பூட்டைத் திறக்கச் சாவி இல்லை என்றார்கள், உடைத்தார்கள். சுண்ணாம்பு கல்லாக இறுகிப் போயிருந்தது. கடப்பாரை போட்டுத்தான் எடுக்க முடிந்தது. பச்சை பெல்ட்டின் பித்தளைப் பூட்டை நான் அடையாளம் சொன்னேன். எலும்பில் கொஞ்சம்தான் மிச்சம். மாமியார் தள்ளிப் போகச் சொன்னால் போகாமல், தோண்டி முடியும் வரை வெயிலிலேயே நின்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டியபோது பெண்கள் உள்ளே இருக்க வேண்டும் என்றார்கள். மாமியார் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "நெறைய ஊத்துங்கப்பா, பாத்துக் கீத்து ஊத்தாதீக, நெறைய ஊத்துங்க. இனிச் சுடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குடம் குடமாக ஊற்றினார்கள். அவ்வளவு நாள் தேக்கி வைத்திருந்த யாஸீனை நான் அன்று ஓதினேன். பாதிக்கு மேல் குரல் வரவில்லை. மாமியார் எடுத்து ஓதி முடித்தார். ஜனாஸா பள்ளிவாசலுக்குப் போனது. அன்று மஃரிபுக்கு அவர் செம்பை எடுக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அவர்கள் மெட்ராஸுக்கு அப்பீல் போனார்கள். அதெல்லாம் காளிதாஸ் வந்து சொன்னார், நான் சரியாகக் கேட்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது வேறு. அடக்கம் முடிந்த மறுநாளே அஜ்ரத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். உறுதியான சேதி வந்துவிட்டது, கண்ணால் பார்த்த ஆள் கோர்ட்டிலேயே சொல்லிவிட்டான், இன்று முதல் நான் இத்தா இருக்கலாமா?

அஜ்ரத் தானே வந்து, திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். 

"இத்தா மவுத்தான நாளுல இருந்துதாம்மா கணக்கு. சேதி தெரிஞ்ச நாளுல இருந்து இல்லை. ரெண்டு வருசத்துக்கு மேலாச்சு. உன் இத்தா எப்பவோ முடிஞ்சுபோச்சு. இனி உனக்குக் கடமை இல்லை."

நான் விதவையானதும் தெரியவில்லை, அந்தக் காலம் முடிந்ததும் தெரியவில்லை. அந்த நாலு மாதமும் கலர்ச் சேலையில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், வக்கீல் வீடு, கோர்ட் என்று அலைந்திருக்கிறேன். என் கணவரை எடுத்தவர்கள், அவருக்காக நான் அழ வேண்டிய காலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எந்தக் கோர்ட்டில் தாவா போடுவது? நான் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அதற்கு முன் அவருக்காக அப்படி அழுததில்லை.

மாமியார் எழுந்து உள்ளே போனார். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. தன்னுடைய வெள்ளைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"அஜ்ரத்து கணக்கு அவருக்கிட்ட இருக்கட்டும். நீ இரு" என்றார். "வாசல்ல நான் இருக்கேன்."

இருந்தேன். அறைக்குள் நான், அறை வாசலில் அவர். யாரையும் விடவில்லை. மூன்றாம் வாரம் கோர்ட் அமீனா மெட்ராஸ் அப்பீல் நோட்டீஸைக் கொண்டுவந்தார். வாதி ஆசியா பீவி நேரில் வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். உள்ளே எனக்கு எல்லாம் கேட்டது.

"எம்மருமக இத்தாவுல இருக்கா. அன்னிய ஆம்பளை முன்னால வரமாட்டா."

"ஐகோர்ட் நோட்டீசும்மா. காத்திருக்காது."

"நாங்க காத்திருந்தோம்ல, அது மாதிரி காத்திருக்கச் சொல்லுங்க" என்றார் மாமியார். "எம்மகன் மவுத்தாயிட்டான். நாலு மாசம் பத்து நாள் கழிச்சு வாங்க."

 அமீனா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.